ஐம்பத்திரண்டு சென்ட்

மலையேறாமலே மலையைப் பங்கு வைத்தவள் நான்.
அஸ்தம்பட்டியில் இரண்டாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே நகைக்கடை விளம்பரத்தின் முதுகு,
அதற்கும் பின்னால் சேர்வராயன் என்று
பக்கத்து நாற்காலி சுல்தானா சொல்வாள்.

வேலை இதுதான்:
ஊர் என்பது கோணல்மாணலாய் ஒரு வடிவம்.
ஓடையோடு வளையும், பாறையில் முட்டும்,
என்றைக்கோ ஒரு சர்வேயர்
சங்கிலியைக் கீழே போட்டு மூச்சு வாங்கிய இடத்தில்
காரணமில்லாமல் திரும்பும்.
கட்டம் அப்படியில்லை.
பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர்.
பள்ளத்தாக்கு வந்தாலும் குனிந்து பார்க்காது.
தலைக்கணக்கு இருப்பது ஊருக்கு.
மேலிடம் கேட்பது
கட்டத்துக்கு எத்தனை பேர் என்று.

எனவே ஊரின் மேல் கட்டங்களை வைத்து வெட்டுவேன்.
எந்தத் துண்டுக்கு எவ்வளவு பரப்போ
அவ்வளவு ஜனம்.
நெல்லிக்குட்டை, ஒன்பது சதுர கிலோமீட்டர்,
ஆயிரத்து இருநூற்று அறுபது பேர்.
தோசைக்கல்லில் மாவை இழுப்பதுபோல
அத்தனை பேரையும் ஒரே கனத்தில்
காப்பிக் காட்டிலும் கரட்டிலும்
ஓரம்வரை தேய்த்தேன்.

ஏரி இருபத்தைந்து ஏக்கர். அதன் பங்கு பதினாலு பேர்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஏரியில் போட்டேன்.
அளந்துதான் போட்டேன்.

திரும்பக் கூட்டினால்
ஆயிரத்து இருநூற்று அறுபது. ஒரு தலை கூடவில்லை,
குறையவில்லை. அந்த நிம்மதியோடு
அம்மாபேட்டை பஸ் ஏறினேன்.

(சேலத்துக்குக் கட்டம் போட்டபோது
கோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே போனது.
அடுப்பு ஒன்றில், கட்டில் இன்னொன்றில்.
காப்பி எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுவதாக
இரண்டு நாள் சிரித்தேன்,
பிறகு மறந்துவிட்டேன்.)

கட்டத்துக்கு ஒரு பெட்டியாகத்
தடுப்பூசி மலையேறியது.
மூன்றாம் நாள் காலை போன். கிராம செவிலியர், இருசாயி.
பின்னால் கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன்.

"மேடம், எண்பத்தி மூணாவது கட்டத்துக்குப்
பதினாலு ஊசி வந்திருக்குங்க.
மீனுக்குங்களா?"

நான் சூத்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.
பரப்பு, விகிதம், சீரான பரவல்.
பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்,
எஸ்டேட் லைன் வீடுகள் இருக்கிற கட்டத்தில்
நானூற்றுப் பன்னிரண்டு பேர், வந்தது நூற்று நாற்பது;
சில்வர் ஓக் மட்டும் நிற்கிற கட்டத்துக்கும் அதே நூற்று நாற்பது.
"மரத்துப் பங்கை லைனுக்குத் திருப்பிட்டேனுங்க.
ஏரிக்காரங்களையும்
கரையேத்திட்டேன்."

அடுத்த வாரம் அவளுடைய நோட்டு வந்தது,
கணக்குப் பாடத்துக்கான கட்டம் போட்ட நோட்டு.
ஒவ்வொரு பக்கமும் ஒரு சதுரம்,
சதுரத்துக்குள் பெயர்கள். சில பக்கங்கள் வெறுமை,
அவற்றிலும் ஓரத்தில் தேதி.
போய்ப் பார்த்திருக்கிறாள்.

என் எண்ணை இடதில் வைத்து
அவளுடையதை வலதில் ஏற்றினேன்.
நூற்று நாற்பது, சுழி.
நூற்று நாற்பது, நானூற்றுப் பன்னிரண்டு.
தொண்ணூற்றேழு, ஆறு.
ஒன்றுகூட ஒன்றோடு ஒட்டவில்லை.
சுல்தானா எட்டிப் பார்த்துவிட்டு
டீ வாங்கப் போனாள்.

கடைசியில் ஒரு மூலை மிச்சம்.
ஊரின் நுனி பக்கத்துக் கட்டத்துக்குள்
ஐம்பத்திரண்டு சென்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.
இத்தகைய பொடியை எப்போதும் அழித்துவிடுவேன்.
இதை அழித்தால் கூட்டல் உதைத்தது, விட்டுவைத்தேன்.
என் கணக்கில் அங்கே
0.29 ஆள்.

அவளுடைய பக்கத்தில் ஒற்றை வரி:
"பாக்ஸைட் குழி வாட்ச்மேன் சடையன்.
வாரத்தில் ரெண்டு ராத்திரி இங்கே படுக்கை."

இரண்டை ஏழால் வகுத்தேன்.
மறுபடி வகுத்தேன்.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து
போனை எடுத்தேன்.

அவருக்கு ஊசி போட்டாயிற்றா?

"வியாழக்கிழமை போனேனுங்க.
அன்னைக்கு முழுசா இருந்தாரு."